பொருந்தாத தட்டு

அனுப்பம்பட்டு ரயில்வே கேட் திறந்தது. முன்னால் நின்ற மாட்டு வண்டி நகர்ந்தது, பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர்கள் போனார்கள். நான் காலை அழுத்தினேன். என்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். சத்தம்தான் ஏறியது. கேட் கீப்பர் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்தார்.

பின் சீட்டிலிருந்து மாமி கேட்டாள்: “இன்னா புள்ள, இந்தக் கத்து கத்துது, போவ மாட்டேங்குது?”

எனக்குத் தெரியவில்லை. கியர் கம்பியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். எங்கே தள்ளினாலும் ஒன்றுதான். நிறுத்திவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினேன். உள்ளே ஏதோ ஒன்று வெறுமனே விர்ரென்று சுற்றியது, என்ஜின் எழுந்திருக்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனை அடித்தபடியே இருந்தார். கடைசியில் அவரும் இறங்கி வந்து, இன்னும் நாலு பேரோடு சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

அந்த வண்டியை என் கணவர் வளைகுடாவிலிருந்து கொண்டு வந்திருந்தார். எட்டு வருஷம் அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துவிட்டு, இனிமேல் போக மாட்டேன் என்று பழவேற்காட்டுக்கே வந்தபோது, சென்னைத் துறைமுகத்தில் இறக்கி எடுத்து வந்தது. அங்கேயே யாரிடமோ பழையதாக வாங்கிய ஜப்பான் கார். வெள்ளை நிறம், ஸ்டியரிங் இடது பக்கம், பின்னால் ‘டர்போ’ என்று சிவப்பு எழுத்து. சில வருஷங்களுக்கு விற்கக் கூடாது என்று துறைமுகத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள்.

ஆசைக்காக வாங்கியது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது அவருடைய அம்மாவுக்காக வாங்கியது. மாமிக்கு இரண்டு காலும் வீங்கி, முழங்கால் மடங்காமல் போய்விட்டது. பஸ் படி ஏற முடியாது. ஒரே மகளை ராயபுரத்தில் கட்டிக் கொடுத்து நாலு வருஷமாகியும் அந்த வீட்டு வாசலை அவள் பார்த்ததில்லை.

ஊருக்கு வந்தவருக்கு இங்கே எதுவும் கூடிவரவில்லை. இறால் ஏற்றுமதியில் இறங்கிப் பார்த்தார், அது சரிப்படவில்லை. ஒன்றரை வருஷத்தில் மறுபடி விமானம் ஏறினார். போவதற்கு முன் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தார். கோடையில் ஏரித் தண்ணீர் உள்வாங்கியதும் கரையோரம் தரை காய்ந்து இறுகிவிடும். அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்த வண்டியில் இரண்டே மிதி, கியர் தானாகவே மாறிக்கொள்ளும். வெள்ளைத் துப்பட்டியோடு நான் வளைத்து வளைத்து ஓட்டியதைச் சேற்றில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். “பாய் ஊட்டம்மா காரு ஓட்டுது டோய்!” என்று ஒருத்தி கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள். லைசென்ஸுக்குப் போனபோது இன்ஸ்பெக்டர், “கிளட்சே இல்லயேமா, இத ஓட்ட இன்னாத்துக்கு லைசென்ஸு?” என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதில் ஒரு விசித்திரம் உண்டு. காலை அழுத்தினால் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு பின்னாலிருந்து யாரோ இரண்டு கையாலும் தள்ளிவிட்ட மாதிரி வண்டி பாயும். அதுதான் டர்போ என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கு அந்தத் தள்ளல் பிடித்திருந்தது. யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

கேட்டில் வண்டி நின்ற அன்று நாங்கள் ராயபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். நாத்தனாருக்கு ஆறாம் மாசத்தில் குழந்தை தங்காமல் போய்விட்டது. படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று ஆள் வந்து சொன்னதிலிருந்து மாமி சோறு சரியாகச் சாப்பிடவில்லை. அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றாள்.

மதியம்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். ஐஸ் பெட்டிகளை இறக்கிவிட்டு பழவேற்காட்டுக்குத் திரும்பும் வேன் ஒன்று வந்தது. முன் சீட்டு காலியாக இருந்தது, ஆனால் ஏறும் படி இடுப்பு உயரம். ஆண்கள் தூக்க வந்தார்கள். மாமி துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “தொடாதீங்கப்பா” என்றாள். அந்த நேரத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் விற்று முடித்து, அதே வேனுக்காகக் காத்திருந்த எங்கள் ஊர் இறால்காரப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒருத்தி கக்கத்திலும் இரண்டு பேர் காலிலுமாகப் பிடித்து மாமியை மேலே ஏற்றினார்கள். மாமி அழுதாள். “பொணமா இருந்திருந்தா இன்னும் சுளுவா ஏத்திருப்பாங்க” என்றாள். நான் பின்னால் ஐஸ் தண்ணீர் ஓடும் தகரத்தில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து வந்தேன்.

வண்டியை மீஞ்சூர் மெக்கானிக் ஒருவர் வந்து இழுத்துப் போனார். நாற்பது வயசு இருக்கும். லாரியும் அம்பாசடரும் பார்க்கிறவர். “இந்த மாதிரி வண்டி நான் பாத்ததில்லமா. மொதல்லயே சொல்லிட்றேன்” என்றார். வேறு யாரிடம் போவது என்று எனக்கும் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து நான் பஸ் பிடித்துப் போனபோது கியர் பெட்டியைக் கீழே இறக்கி வைத்திருந்தார். கையில் ஒரு வட்டத் தகடு. தாம்பாளம் அளவு இருக்கும். விளிம்பைச் சுற்றிப் பல். நடுப்பகுதி பிஸ்கட் டின் மூடியை வெட்டி எடுத்த மாதிரி வட்டமாகக் கிழிந்து தனியாக வந்திருந்தது.

“என்ஜினு சுத்துறத கியருக்குக் குடுக்கறது இந்தத் தட்டுதாம்மா. நடுவு என்ஜின்ல மாட்டியிருக்கும், ஓரம் கியரு பக்கம் மாட்டியிருக்கும். இது கிழிஞ்சா என்ஜினு தனியா ஆடும், வண்டி தனியா நிக்கும்.”

“ஒட்டவைக்க முடியாதா?”

“வெல்டு வெச்சா கோணிக்கும். கோணுனா கியரையும் சேத்துத் தின்னுடும்.”

அதைச் சாக்கில் போட்டு, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கு எடுத்துப்போய்க் கடை கடையாகக் காட்டிவிட்டு, அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். இந்த ஊரில் அந்தத் தட்டு இல்லை.

அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பூ வேலைப்பாட்டுக்குப் படம் எடுக்கும் நெய்க்காகிதம் என்னிடம் இருந்தது. கிழிந்த இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, மேலே காகிதத்தை விரித்து, பென்சிலால் வரைந்தேன். நடுவில் எட்டு ஓட்டை, ஓரத்தில் நாலு. ஒரு பல்லில் கண்மை தொட்டு அடையாளம் வைத்து, இரண்டு தடவை சுற்றி எண்ணினேன். இரண்டு தடவையும் ஒரே எண்ணிக்கை வந்தது. படத்தை எட்டாக மடித்து என் கணவருக்கு ஏர்மெயிலில் போட்டேன். அவ்வளவு ஒழுங்காக நான் வேறு எதையும் வரைந்ததில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஊர் திரும்பிய ஒருவரிடம் தட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். என் காகிதத்தை அதன்மேல் வைத்தேன். ஓட்டைக்கு ஓட்டை, பல்லுக்குப் பல் உட்கார்ந்தது. மெக்கானிக் மாட்டினார். வண்டி ஓடியது. அந்த வாரமே மாமியை ராயபுரத்துக்குக் கூட்டிப்போனேன். மகளும் அம்மாவும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. இரண்டு நாள் தங்கித் திரும்பினோம். வரும் வழியில் திருவொற்றியூர் தாண்டியதும் மாமி, “நீ நல்லா ஓட்டுற புள்ள” என்றாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் என்னைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இரண்டு மாதம் ஓடியது. பிறகு அடியிலிருந்து சத்தம் வந்தது, டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கின மாதிரி. மெதுவாக ஓட்டினேன். ஒரு காலையில் எங்கள் தெருமுனையிலேயே, ஏரியைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் வைத்து எல்லாவற்றையும் இறக்கினார். புதுத் தட்டும் அதே இடத்தில், அதே வட்டத்தில் கிழிந்திருந்தது. விரலால் தகட்டின் கனத்தைத் தடவிக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“யம்மா, இது சாதா வண்டியோட தட்டு. டர்போவுக்கு இந்தக் கனம் பத்தாது. அந்தத் தள்ளு தள்ளுதே, அதத் தாங்கல.”

“பழசுல இருந்த மாதிரியே தானே வாங்கி அனுப்பினார்?”

“பழசே தப்பும்மா. உங்க ஊட்டுக்காரரு வாங்கறதுக்கு முன்னாடியே எவனோ எறக்கி, கெடச்சத மாட்டி ஏத்தியிருக்கான்.”

அப்படியானால் நான் கண்மை வைத்து எண்ணியதெல்லாம் தப்பான தட்டின் பற்களை. டர்போ என்ஜினுக்கான தட்டு வேண்டும் என்று என் கணவருக்கு எழுதினேன்.

பதில் கடிதமாக வரவில்லை, கேசட்டாக வந்தது. அவர் குரலைக் கேட்க மாமி டேப் ரிக்கார்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். சலாம் சொல்லி, எல்லோரையும் விசாரித்துவிட்டு, அவர் குரல் மாறியது.

“நீ வரைஞ்சு அனுப்புனத வெச்சுதான் வாங்கினேன். இப்ப அதே தப்புன்னா எப்படி? வெயில்ல கடை கடையா அலையறேன். உனக்குத் தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு எழுது. ஒரு தட்டு, அத ஒழுங்கா பாத்து எழுத முடியல.”

மாமி என்னைப் பார்க்கவில்லை. கேசட் முடிந்து கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் அதை நிறுத்தினேன்.

நாத்தனார் மறுபடி முழுகாமல் இருந்தாள். அசையக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் இங்கே கூட்டி வர முடியாது. மாமிதான் அங்கே போய்க் கூட இருக்க வேண்டும். பொன்னேரியில் வாடகைக் கார் இருக்கிறது, அதைப் பிடித்து வரட்டுமா என்று நான் கேட்டேன். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை.

“எம் புள்ள வாங்கி வெச்ச வண்டி வாசல்ல நிக்கும்போது, நான் இன்னாத்துக்கு வாடக வண்டில போய் எறங்கணும்? அந்த ஊட்ல இன்னா நெனப்பாங்க?”

அதற்குமேல் அவளிடம் பேச முடியாது. தட்டுக்காகக் காத்திருந்தோம். மாமி தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கியர் பெட்டியில்லாமல் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியிலிருந்து வந்த உப்புக்காற்றில் கதவின் கீழ் விளிம்பு துருப் பூத்துக்கொண்டு வந்தது.

இரண்டாவது தட்டு வந்தது. கையில் எடுத்ததுமே கனம் தெரிந்தது. ஓட்டைகளும் பற்களும் சரியாக இருந்தன. மெக்கானிக்குக்கு முகம் மலர்ந்தது. என்ஜினில் மாட்டி, கியர் பெட்டியைத் தூக்கிச் சேர்த்தார். பிறகு வெகுநேரம் அடியிலேயே படுத்திருந்தார். வெளியே வந்தபோது முகத்தில் மலர்ச்சி இல்லை.

“ஒரு நூல் எடம் நிக்குதும்மா.”

“அப்படின்னா?”

“என்ஜினும் கியர் பெட்டியும் முகத்தோட முகம் ஒக்காரணும். ஒக்கார மாட்டேங்குது. நடுவுல ஒரு நூல் சந்து. இந்தத் தட்டோட குழி கொஞ்சம் வேற மாதிரி கீது. என்ஜினுக்குச் சரி. கியருக்குச் சரியான்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

“போல்ட்டு இறுக்கினா சேர்ந்துடாதா?”

“சேரும். இழுத்துப் புடிச்சா எதுவும் சேரும். ஆனா உள்ள இன்னாத்த அழுத்துதுன்னு தெரியாம இறுக்கறதுக்கு பயமா கீது. அவருக்கு இன்னொரு லெட்டரு போடேன்.”

இன்னொரு கடிதம் என்றால் இன்னும் இரண்டு மாதம். இன்னொரு கேசட். முந்தின நாள்தான் ராயபுரத்திலிருந்து, நாத்தனாருக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. ஜன்னலில் மாமியின் முகம் தெரிந்தது. தட்டு வந்த அன்றே அவள் பையில் துணி எடுத்து வைத்திருந்தாள்.

“இறுக்குங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “நல்லா யோசிச்சிட்டியாம்மா?”

“யோசிக்க இன்னா இருக்கு? இறுக்குங்க அண்ணே.”

அவர் மறுபடி அடியில் போனார். ஒவ்வொரு போல்ட்டாக, சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்து குறைந்துகொண்டே வந்தது. கடைசி போல்ட்டில் ஸ்பேனரைத் திருப்பும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, கொட்டைப் பாக்கு உடைகிற மாதிரி. அவர் கை நின்றது. பிறகு வெளியே ஊர்ந்து வந்து, சாவி போடச் சொன்னார்.

சாவி போட்டதும் என்ஜின் எழுந்தது. கியர் போட்டேன். உள்ளே அரைக்கும் ஓசை வந்தது. வண்டி ஓர் அங்குலம்கூட அசையவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அடியிலிருந்து சிவப்பு எண்ணெய் மணலில் சொட்டத் தொடங்கி, பிறகு ஒழுகியது. அவர் டின்னைத் தேடி வைத்தார். நிரம்பியதும் இன்னொன்று வைத்தார். எண்ணெயைப் பிடித்து என்ன செய்வது என்று இருவரும் யோசிக்கவில்லை.

கியர் பெட்டிக்குள் எண்ணெயை இறைக்கும் பம்பு உடைந்துவிட்டது என்று, மறுநாள் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். தட்டு ஒரு நூல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றதால், இறுக்க இறுக்க எல்லா அழுத்தமும் பம்பின்மேல் போயிருக்கிறது. இனி தட்டு மட்டும் போதாது.

என் கணவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை எழுதினேன். ஒரு நூல் இடம் இருந்தது, மெக்கானிக் இறுக்கிவிட்டார், பம்பு உடைந்துவிட்டது. ‘நான் இறுக்கச் சொன்னேன்’ என்ற ஒரு வரியை எழுதவில்லை. விட்டுப்போய்விட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மறுபடி படித்துப் பார்த்துத்தான் ஒட்டினேன்.

நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நன்றாக இருந்தார்கள். மாமி பையிலிருந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பெட்டியில் அடுக்கினாள்.

அந்த வருஷம் அவர் லீவில் வந்தார். பெட்டியில், துணிகளுக்கு நடுவே, மூன்றாவது தட்டு. அங்கே ஒரு கடைக்காரன், என்ஜின் எண் மட்டும் போதாது, கியர் பெட்டியின் எண்ணும் வேண்டும் என்று சொல்லித் தந்தானாம். வண்டி வாங்கியபோது கொடுத்த காகிதங்களில் அந்த எண் இருந்திருக்கிறது. கியர் பெட்டியின் பக்கவாட்டில் சின்னத் தகரத்திலும் அது அடித்திருந்ததாம். அதன் எதிரே நாங்கள் எத்தனையோ நாள் உட்கார்ந்திருந்தோம். இப்போது தட்டு சரியானது. அதை மாட்ட கியர் பெட்டி இல்லை.

வந்த மூன்றாம் நாள் பொன்னேரிக்குப் போய் வாடகைக் கார் பிடித்து வந்தார். மாமி ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். எல்லோரும் ராயபுரத்துக்குப் போனோம். வழியில் மீஞ்சூரில் மெக்கானிக் ஷெட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

அவர் இறங்கிப் போனார். நானும் மாமியும் காரிலேயே இருந்தோம். ஜன்னல் திறந்திருந்தது.

“தெரியாத வேலைன்னா தெரியாதுன்னு சொல்லணும். யாரைக் கேட்டு இறுக்கின?” என்று அவர் கத்தினார். ஷெட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து டீக்கடையில் பேச்சு நின்றது.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கார் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் துப்பட்டியைச் சரிசெய்தேன். வாயைத் திறந்தால் பக்கத்தில் மாமி, வெளியே அவர், சுற்றிலும் அத்தனை பேர். இறங்கு, இறங்கு என்று எனக்குள் கேட்டது. கை கதவுப் பிடியில்கூட இருந்தது.

“நான்தான் சார் இறுக்கினேன்” என்றார் மெக்கானிக். “அளவு தெரியாம இறுக்கினது எந் தப்பு.”

என் கணவர் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்து ஏறினார். கார் கிளம்பியது. ராயபுரத்தில் குழந்தையை மாமியின் மடியில் வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

விற்கக் கூடாது என்ற கெடு முடிந்ததும் வண்டியை ஒருவன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். பிரித்து விற்பதற்கு என்றான். சரியான தட்டையும் அதோடு கொடுத்துவிட்டோம்.

அதற்குள் அவர் வளைகுடாவுக்குத் திரும்பியிருந்தார். ஒரு நாள் பொன்னேரிக்குத் துணி எடுக்கப் போனவள், ரயிலேறி மீஞ்சூரில் இறங்கினேன். ஷெட்டில் மெக்கானிக் லாரி ஒன்றின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார்.

“இன்னாம்மா, எப்டிகீற? மாமியார் நல்லாகீறாங்களா?”

“இருக்காங்க. அண்ணே, அன்னிக்கு நான்தான் இறுக்கச் சொன்னேன்னு நீங்க சொல்லியிருக்கலாம்.”

“இன்னாத்தச் சொல்றது? ஸ்பேனரு எங் கையிலதான இருந்துச்சு.”

“ஆனா சொன்னது நான்.”

“ஆமா. நீதான் சொன்ன” என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்துத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லவில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு கார் எதுவும் அந்த ஷெட்டுக்கு வரவில்லை என்று டீக்கடைக்காரர் பிறகு சொன்னார். மெக்கானிக் அதையும் என்னிடம் சொல்லவில்லை. கழற்றிய நட்டுகளைத் தகரத்தில் போட்டுவிட்டு, “வேற இன்னாம்மா?” என்று கேட்டார்.

“ஒன்னுமில்லண்ணே” என்றேன். அவர் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றத் தொடங்கினார்.

அந்த வாரம் என் கணவருக்கு எழுதினேன். இறுக்கச் சொன்னது நான்தான், மெக்கானிக் வேண்டாம் என்றுதான் சொன்னார், நீங்கள் கத்தியபோது நான் காரில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று மூன்று வரி. ஒரு மாதத்தில் பதில் வந்தது. அம்மாவின் காலுக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருப்பதாகவும், அங்கே வெயில் அதிகம் என்றும், அடுத்த லீவு தள்ளிப்போகும் என்றும் எழுதியிருந்தார். மூன்று வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்திலும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன்.